கேட்டதும் சொன்னதும்: உருளைக்கிழங்கு வயலில் இறங்கிய மோல்டர்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, விண்வெளிக்கு முதன்முதலில் போன யூரி ககாரின் கைத்தொழிலில் ஒரு ஃபவுண்டரி மோல்டர், அதாவது உருக்கிய இரும்பை ஊற்றி வார்க்க மண்ணில் அச்சு பிடிப்பவர், என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களுக்கே இந்த முறை இடம் போதவில்லை. கரன்ட் பில், மாடித்தோட்டம் பற்றிக் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: மோல்டரா? போர் விமானி என்றுதானே படித்தோம்? நீங்கள் ஃபவுண்டரியில் இருந்தவர் என்பதால் அவரையும் உங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறீர்களா சார்? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

ப: சேர்த்துக்கொள்ள ஆசைதான். ஆனால் சொன்னது பொய்யில்லை. 1934 மார்ச் 9 அன்று ஸ்மோலென்ஸ்க் பகுதியில் குளூஷினோ என்ற சின்ன கிராமத்தில் பிறந்தவர். அப்பா தச்சர். அம்மா கூட்டுப்பண்ணையில் வேலை பார்த்தவர். 1941இல் ஜெர்மன் படை ஊருக்குள் வந்து இவர்கள் வீட்டைப் பிடுங்கிக்கொண்டது. பின்பக்கம் மண்ணைத் தோண்டி, அந்தக் குழிக்குள்தான் குடும்பம் ஒண்டியது. அண்ணனையும் அக்காவையும் கட்டாய வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு இருவரும் உயிரோடு திரும்பி வந்தது பெரிய விஷயம்.

அப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்குச் சீக்கிரம் ஒரு தொழில் கையில் வேண்டும். மாஸ்கோ பக்கத்தில் லூபெர்ட்சி என்ற ஊரில் தொழிற்பள்ளியில் சேர்ந்து மோல்டிங் கற்றுக்கொண்டார். அதன் பிறகு சராத்தோவ் நகரத்துத் தொழில்நுட்பப் பள்ளியில் நாலு வருஷம் படித்ததும் வார்ப்புத் தொழில்தான். சாயங்காலம் அதே ஊர் விமான கிளப்புக்குப் போய்ப் பறக்கப் பழகினார். விமானப்படைப் பள்ளி எல்லாம் 1955க்கு அப்புறம்.

மோல்டிங் மண்ணைக் கையில் அள்ளி ஒரு பிடி பிடித்துத் திறந்தால் விரல் தடம் அப்படியே பதிந்திருக்க வேண்டும். உடைத்தால் பொலபொலவென்று உதிராமல் சுத்தமாக இரண்டாக வேண்டும். ஈரம் கூடினால் இரும்பை ஊற்றும்போது ஆவி கிளம்பி வார்ப்பு முழுக்க ஓட்டை. எனக்கு அது கைக்கு வர ஒரு வருஷம் ஆனது. அவரும் பதினாறு, பதினேழு வயதில் அந்த மண்ணில்தான் கை வைத்தார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்வெளிக்குப் போய் வந்த மூன்றாம் மாதம், 1961 ஜூலை 12 அன்று, இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். அழைத்தது அந்த நாட்டு ஃபவுண்டரி தொழிலாளர் சங்கம். நல்ல மழை. அவர் வந்த காருக்கு மேல்மூடி இருந்தது. மூட வேண்டாம் என்றுவிட்டார். ஜனங்கள் தெருவில் நனைந்துகொண்டு நிற்க, தான் மட்டும் எப்படி மூடிக்கொண்டு போவது என்பது அவர் கணக்கு. சங்கத்துக்காரர்கள் அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்துத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, கூட்டத்தில் சேர்த்த முதல் ஆள் நான் இல்லை!

கே: எல்லாம் தானியங்கி, அவர் சும்மா உட்கார்ந்துதான் போனார் என்கிறான் என் நண்பன். அப்படியென்றால் அதற்கு முன்னால் போன நாய்க்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

ப: தம்பி, உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. எடையில்லாத நிலையில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று டாக்டர்கள் பயந்தார்கள். அதனால் கையால் ஓட்டும் வசதியைப் பூட்டிவைத்து, திறக்கும் எண்ணை ஒரு உறையில் போட்டு உள்ளே வைத்தார்கள். உறையைப் பிரித்து எண்ணை அழுத்தத் தெரிந்தால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தமாம். எண் 1, 2, 5. வேடிக்கை என்னவென்றால், கிளம்பும் முன்பே அதை ரகசியமாக அவர் காதில் போட்டுவிட்டார்கள். ஆபத்தில் உறையைப் பிரித்துக்கொண்டிருக்க முடியுமா என்று யோசிக்கிற ஆட்களும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

ஆனால் சும்மா உட்காருவது என்றால் என்ன என்று பாருங்கள். 1961 ஏப்ரல் 12, பைக்கனூர் ராக்கெட் ஏவுதளம். உள்ளே ஏற்றிக் கதவை மூடினால் மூடியதற்கான சிக்னல் வரவில்லை. முப்பது சொச்சம் நட்டுகளையும் கழற்றித் திரும்ப முடுக்கினார்கள். அவ்வளவு நேரமும் அவர் உள்ளே பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். காலை 9:07க்கு ராக்கெட் கிளம்பியபோது 'பயேகலி' என்றார். 'போகலாம்' என்று அர்த்தம். பஸ் கண்டக்டர் 'ரைட்' சொல்வதுபோல.

ராக்கெட் என்ஜின் கொஞ்சம் கூடுதலாக எரிந்துவிட்டது. 230 கிலோமீட்டரில் நிற்க வேண்டிய உச்ச உயரம் 327க்குப் போய்விட்டது. இறங்குவதற்கான பிரேக் என்ஜின் ஒன்றுதான், மாற்று கிடையாது. அது வேலை செய்யாவிட்டால், மெல்லிய காற்றின் உராய்வில் பத்து நாளில் கலம் தானாக இறங்கிவிடும் என்று நினைத்து அதற்குத் தக்க சாப்பாடு வைத்திருந்தார்கள். உயரம் ஏறியதில் அந்தக் கணக்கு அடிபட்டுப் போனது. நல்லவேளை, என்ஜின் வேலை செய்தது.

அப்புறம்தான் பெரிய கண்டம். அவர் இருந்த உருண்டையும் பின்னால் இருந்த கருவிப் பெட்டியும் பிரிய வேண்டும். ஒரு கட்டு ஒயர் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தன. சுமார் பத்து நிமிஷம். கடைசியில் காற்றின் சூட்டில் ஒயர் எரிந்து அறுந்தது. ஜன்னல் திரை ஓரத்தில் சிவப்பாக வெளிச்சம், வெளியே படபடவென்று வெடிக்கிற சத்தம். அதற்குள் இருந்துகொண்டு அவர் கூச்சல் போடவில்லை. எத்தனை சுற்று, எவ்வளவு நேரம் என்று கவனித்துக்கொண்டு, திரும்பி வந்து அதிகாரிகளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். இது நாயால் முடியாது, பாவம்.

கே: விண்கலத்தோடு தரையிறங்கினார் என்றுதான் என் பழைய பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. பாராசூட்டில் வந்தார் என்கிறான் பேரன். யாரை நம்புவது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை)

ப: பேரனைத்தான் அம்மா. அவர் போன வோஸ்டாக் கலம் தரையில் மோதும் வேகத்தை உள்ளே இருக்கும் ஆள் தாங்க முடியாது. அதனால் ஏழு கிலோமீட்டர் உயரத்தில் கதவு தெறித்து, இருக்கையோடு அவரை வெளியே வீசி, பாராசூட் விரியும்படி அமைத்திருந்தார்கள். ஆனால் அன்றைய சர்வதேச விமானச் சாதனை விதிப்படி, ஓட்டுபவர் வாகனத்தோடு தரையிறங்கினால்தான் பதிவு செல்லும். எனவே சோவியத் தரப்பு அதை மறைத்தது. பத்திரிகையாளர்கள் துருவியபோது ககாரினும் மழுப்பினார். 1971இல்தான் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் புத்தகம் எழுதியவர் மேல் தப்பில்லை. எனக்கு இந்தப் பொய் பிடிக்கவே இல்லை. போனவர் உயிரோடு வந்தார், அது போதாதா? சங்கடம் முழுவதையும் அந்த மனுஷன் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவர் இறங்கியது வோல்கா நதிப் பக்கம், சராத்தோவ் பகுதியில், ஸ்மெலோவ்கா கிராமத்து வயல். முன்பு பறக்கப் பழகிய அதே வட்டாரம்! அன்னா தக்தரோவா என்ற அம்மாள் சின்னப் பேத்தியோடு உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார். ஆரஞ்சு உடையும் வெள்ளை ஹெல்மெட்டுமாக ஒரு உருவம் நடந்து வந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? முந்தின வருஷம்தான் அமெரிக்க உளவு விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தி, பாராசூட்டில் குதித்த விமானியைப் பிடித்திருந்தார்கள். அப்படி நினைத்துவிடக் கூடாதென்று, கிளம்புவதற்குச் சற்று முன்னால் ஹெல்மெட்டில் அவசரமாக நாட்டின் பெயரை எழுதினார்கள். நான் உங்கள் ஆள்தான், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அவர் முதலில் விசாரித்தது போன் எங்கே இருக்கிறது என்று.

கே: மேலே போய்ப் பார்த்தேன், கடவுள் இல்லை என்று சொன்னது உண்மையா? (வாசகர், திருவண்ணாமலை)

ப: அவர் பேசிய பதிவு எதிலும் அந்த வாக்கியம் இல்லை. மத எதிர்ப்புப் பிரசாரக்காரர்கள் அவர் வாயில் போட்டது.

கே: இலங்கைக்கு வந்திருக்கிறாராமே? (வாசகி, வவுனியா)

ப: வந்தார். 1961 கடைசியில் மனைவியோடு இந்தியா வந்து, டிசம்பரில் உங்கள் நாட்டுக்கும் போனார். அந்த வருஷம் முழுக்க ஊர் ஊராக மாலை மரியாதைதான்.

கே: இவ்வளவு பெரிய ஆள் 34 வயதில் சாதாரணப் பயிற்சி விமானத்தில் செத்தார் என்பதை நம்ப முடியவில்லை. சதி ஏதாவது? (வாசகர், மதுரை)

ப: சதிக் கதைகள் நிறைய உண்டு. எனக்கு எதிலும் ஈடுபாடில்லை. அதற்கு முந்தின ஏழு வருஷம்தான் எனக்குப் பாரமாக இருக்கிறது. அவர் வேலை பறப்பது. கொடுத்தது மேடை. 157 சென்டிமீட்டர் உயரத்து மனிதரைத் தூக்கிச் சிலையாக நிறுத்திவிட்டு, சிலை உடைந்துவிடக் கூடாதென்று பூட்டிவைத்தார்கள். போகிற இடமெல்லாம் விருந்து, குடி. 1961 அக்டோபரில் கிரிமியாவில் ஒரு பால்கனியிலிருந்து குதித்து நெற்றியைப் பெயர்த்துக்கொண்டார். பின்னால் எடுத்த படங்களில் இடது புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பைப் பார்க்கலாம்.

1967 ஏப்ரலில் அவருடைய சிநேகிதர் விளாதிமிர் கோமரோவ் சோயுஸ் கலத்தில் போய், இறங்கும்போது பாராசூட் விரியாமல் இறந்தார். அவருக்கு மாற்று ஆளாக நின்றவர் ககாரின். அதோடு அவரை விண்வெளிக்கு அனுப்பும் பேச்சே நின்றது. விமானமாவது ஓட்டுகிறேன் என்று மன்றாடித்தான் திரும்பப் பயிற்சிக்கு வந்தார். 1968 மார்ச் 27 அன்று, அனுபவசாலியான விமானி செரியோகின் கூட இருக்க, மிக்-15 பயிற்சி விமானம் கிர்ஜாச் ஊர்ப் பக்கம் விழுந்தது. இருவரும் போய்விட்டார்கள்.

கே: அவர் மனைவி? அவரைப் பற்றி யாருமே எழுதுவதில்லையே. (வாசகி, ராஜபாளையம்)

ப: பெயர் வாலென்டினா. ககாரின் விண்வெளிக்குப் போன அன்று மூத்த பெண்ணுக்கு இரண்டு வயது நிறையப் போகிறது, இளையவள் பிறந்து ஒரு மாதமும் சொச்சம் நாளும்தான். ஏப்ரல் 10 அன்று, கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், அவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார் ககாரின். இயந்திரத்தை நம்புகிறேன், அது ஏமாற்றாது. ஆனால் சமதரையில் நடக்கிறவனும் விழுந்து கழுத்தை முறித்துக்கொள்வது உண்டு என்கிறார் அதில். பெண்களைக் கையில் அழுக்குப்படாதவர்களாக வளர்க்காதே, நல்ல மனுஷிகளாக வளர்த்துவிடு என்கிறார். உன் வாழ்க்கையை உன் மனசாட்சி சொல்கிறபடி அமைத்துக்கொள், எனக்காக நீ கட்டுப்பட வேண்டாம் என்கிறார்.

அவர் பத்திரமாகத் திரும்பியதால் கடிதத்துக்கு அன்று வேலை இல்லாமல் போனது. 1968 விபத்துக்குப் பிறகுதான் அது வாலென்டினா கைக்குப் போனது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. மறுமணம் செய்துகொள்ளவில்லை. பேட்டிகளுக்கும் அநேகமாக முகம் கொடுக்கவில்லை. ஐம்பத்திரண்டு வருஷம் விண்வெளி வீரர்களின் குடியிருப்பான ஸ்டார் சிட்டியிலேயே இருந்து, 2020 மார்ச்சில் காலமானார்.