பட்டறைக் கேள்வி பதில்: ஒரே சதுரம், மூன்று பொருள்

கேள்வி: ஐயா, டிராயிங் படித்திருக்கிறேன், மெஷினைத் தொட்டதில்லை. மரம், இரும்பு, பிளாஸ்டிக் மூன்றிலும் பொருள் செய்யப் பழக ஆசை. எதில் தொடங்குவது? நேரே கணினி இயக்கும் சிஎன்சி மெஷினுக்குப் போனால் காலம் மிச்சமாகுமா? – ஒரு மாணவி

பதில்: மூன்றையும் சேர்த்தே தொடங்குங்கள் அம்மா. ஆனால் மூன்றிலும் ஒரே பொருளைச் செய்யுங்கள். பழக வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான்: 50 மில்லிமீட்டர் சதுரம், 10 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் 10 மில்லிமீட்டர் துளை. ஒன்று மரத்தில், ஒன்று மைல்ட் ஸ்டீல் என்ற மென்மையான எஃகில், ஒன்று அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில். குறிப்பது, அறுப்பது, ஓரத்தை நேராக்குவது, துளையிடுவது என்று வேலை நான்குதான். பொருள் மாறும்போது நான்கும் மாறும்.

மரத்தில் நார் ஓடும் திசையை முதலில் பாருங்கள். இழைப்புளி நாரோடு போனால் சுருள் சுருளாக வரும், எதிர்த்துப் போனால் பிய்த்துக்கொண்டு வரும். குறுக்கு முனையைக் கடைசிவரை ஒரே தள்ளாகத் தள்ளினால் அந்த ஓரம் சிம்பாகப் பிளக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி இழையுங்கள். துளையிடும்போது அடியில் ஒரு வேண்டாத பலகையை வைத்து இறுக்கினால் சிராய் பெயராது. முடித்த சதுரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காற்றில் ஈரம் மாறிய ஒரு பருவத்தில் மறுபடி அளந்து பாருங்கள். நார் ஓடும் திசையில் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும், குறுக்கே மாறியிருக்கும். அகலமான மேசைப் பலகையை அசையவிடாமல் இறுக்கினால் ஏன் வெடிக்கிறது என்பது அப்போது புரியும்.

இரும்பில் அரம்தான் ஆசிரியர். தள்ளும்போதுதான் அது வெட்டும், திரும்பி வரும்போது அழுத்தம் வேண்டாம். நேராகத் தள்ளுவதாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் கை ஊஞ்சல் மாதிரி ஆடி, ஓரம் நடுவில் மேடாகி இரு பக்கமும் சரிந்திருக்கும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிந்துவிடும். என் முதல் ஓரம் நேராக வர எட்டு நாள் ஆனது. ஆசான் திட்டவில்லை. என் இடது காலை முன்னே வைக்கச் சொன்னார், வேலைத்துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தலை என் முழங்கை மட்டத்துக்கு வரும்படி காலடியில் ஒரு பலகை போட்டார். அவ்வளவுதான், கை தானாக அடங்கியது. இன்றும் யாராவது அரம் பிடித்தால் நான் முதலில் காலைத்தான் பார்க்கிறேன்.

துளைக்கு வேகத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். வெட்டு வேகம் என்பது பிட்டின் (துளையிடும் அலகின்) வெளி விளிம்பு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது. அதை 1000-ஆல் பெருக்கி, பிட்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 3.14-ஆல் பெருக்கி வருவதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது வரும். ஹைஸ்பீடு ஸ்டீல் என்ற எஃகில் செய்த பிட்டுக்கு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் பிட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று, 3 மில்லிமீட்டர் பிட் 2,650 சுற்று. பெரிய பிட்டை வேகமாகச் சுற்றவிட்டால் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும்.

அக்ரிலிக்கில்தான் பலர் மனம் விட்டுப் போகிறார்கள். இரும்புக்குத் தீட்டிய பிட் அதில் திருகாணி மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். அடிப்பக்கம் வெளியே வரும் நொடியில் தகடு விரிசல் விடும். பிட்டின் இரண்டு வெட்டு விளிம்பிலும் முன்முகத்தைச் சாணைக்கல்லில் மெல்லத் தேய்த்துச் சின்னத் தட்டையாக்குங்கள். விளிம்பு தோண்டாமல் சுரண்டும். பித்தளைக்கும் இதே வைத்தியம்தான். அடிக்கடி பிட்டை வெளியே எடுங்கள், சூடேறினால் சீவல் உருகி ஒட்டிக்கொள்ளும். வெட்டிய ஓரத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டாம், மயிரிழை விரிசல்கள் ஓடும்.

சிஎன்சியும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். அங்கேயும் சுற்று வேகம், நகரும் வேகம், வெட்டும் ஆழம் மூன்றுக்கும் எண் கொடுக்கப் போவது நீங்கள்தான். இந்த மூன்று சதுரத்தையும் கையால் முடித்துவிட்டுப் போனால் அந்த எண்களை எங்கிருந்தோ பார்த்து எழுத வேண்டியிருக்காது.

கேள்வி: லேத்தில் (கடைசல் மெஷினில்) நைலான் புஷ், அதாவது துளைக்குள் பொருத்தும் குழல், கடைந்தேன். மெஷினில் அளந்தபோது வெளிவிட்டம் 40.00 மில்லிமீட்டர். மறுநாள் துளையில் லொடலொடவென்று ஆடுகிறது. அளவில் தவறா?

பதில்: அளந்தது சரிதான் தம்பி, அளந்த நேரம்தான் தவறு. சூட்டில் நைலான் எஃகைவிட ஏழெட்டு மடங்கு அதிகம் விரியும். கடையும்போது 30 டிகிரி ஏறியிருந்தால் 40 மில்லிமீட்டர் எஃகு விரிவது 0.015-க்குள், நைலானோ ஏறக்குறைய 0.1. ஆறியதும் அந்த 0.1 போய்விட்டது. கூரான டூலால் முதலில் அரை மில்லிமீட்டர் விட்டுக் கடையுங்கள். கழற்றி நன்றாக ஆறவிட்டு, அப்புறம் மெல்லிய கடைசி வெட்டு. மெல்லிய புஷ் என்றால் அதைப் பிடித்துச் சுற்றும் ‘சக்’கை அதிகம் இறுக்க வேண்டாம், அதன் மூன்று தாடையும் அழுத்தி வட்டத்தைக் கெடுத்துவிடும். இன்னொன்று: நைலான் ஈரத்தை உறிஞ்சி உப்பும். தண்ணீர் படுகிற இடம் என்றால் அசெட்டால் என்ற பிளாஸ்டிக்கைப் போடுங்கள். அது ஈரத்தை மிகக் குறைவாகவே எடுக்கும், கடையவும் சுகமாக இருக்கும்.

கேள்வி: சீவல் கையைக் கிழிக்கிறது. லேத்தில் துணிக் கையுறை போடலாமா?

பதில்: கூடவே கூடாது. சுற்றுகிற வேலையில் ஒரு நூல் மாட்டினாலும் கையுறையோடு கையும் போகும். ட்ரில்லிங் மெஷினிலும் அப்படித்தான். மெஷினை நிறுத்திவிட்டுக் கொக்கியாலோ பிரஷ்ஷாலோ சீவலை எடுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள், கை மடிப்பை ஏற்றுங்கள், கண்ணாடி போடுங்கள். மரம் இழைக்கிற நாளில் தூசிக்கு முகமூடியும் வேண்டும். அப்புறம், சக்கை இறுக்கும் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்கவே எடுக்காதீர்கள், ஒரு நொடிக்குக்கூட.