ஐம்பது தொடர்கள், வாரத்துக்கு மூன்று மணி நேரம்

கேள்வி: நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். சத்துவாச்சாரியில் தோழிகள் இருவருடன் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். மூவருமே அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் பார்ப்பவர்கள். ஜனவரியில் பதினைந்து தொடர்களைத் தொடங்கினேன். உருப்படியாகப் பார்த்து முடித்தது இரண்டு. ஷிப்ட் மாறும்போதெல்லாம் மூன்று நான்கு வாரம் விட்டுப்போகிறது. இப்போது ஏப்ரல் சீசனுக்கான புதுத் தொடர்களின் பட்டியல் வந்திருக்கிறது, ஐம்பதுக்கும் மேல். கல்லூரியில் படிக்கும் என் தம்பி எல்லாவற்றிலும் முதல் எபிசோடைப் பார்த்தே தீருவேன் என்கிறான். எனக்கு வாரத்துக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் அதிகம். எதைப் பார்ப்பது என்று எப்படி முடிவு செய்வது? பாதியில் விட்டால் ஏதோ தப்பு செய்த உணர்வு வருகிறது. போதாக்குறைக்கு, நான் இரவு டியூட்டி முடிந்து வருவதற்குள் அறைத்தோழிகள் கதையைச் சொல்லிவிடுகிறார்கள்.
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் கணக்குப் போடுவோம். ஓர் எபிசோடு ஏறத்தாழ 24 நிமிடம். ஐம்பது தொடர்களையும் பார்க்க வாரத்துக்கு 20 மணி நேரம் வேண்டும். உங்கள் தம்பி எந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்று வீட்டில் ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள். பதினைந்து தொடர்களுக்கு ஆறு மணி நேரம். உங்களிடம் இருப்பதோ அதில் பாதி. ஜனவரியில் நீங்கள் கோட்டைவிட்டது பெருக்கலில்தான். ரசனையைச் சந்தேகிக்க வேண்டாம். மூன்று மணி நேரத்தில் ஏழு எபிசோடு அடங்கும். அந்த ஏழு இடத்தையும் புதுத் தொடர்களுக்கே கொடுக்காதீர்கள். புதியவை மூன்று போதும். மற்ற நான்கு இடங்கள் ஏற்கெனவே ஒளிபரப்பாகி முடிந்த தொடர்களுக்கு.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் புதுத் தொடர்கள் இறங்குகின்றன. நம் கணக்கில் பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆடி, தீபாவளியை ஒட்டி. ஒரு சீசனுக்குப் பெரும்பாலும் 12 அல்லது 13 எபிசோடு. இவற்றில் பல அங்கே நள்ளிரவுக்குமேல் ஒளிபரப்பாகின்றன. வெள்ளி 25 மணி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தால் சனிக்கிழமை அதிகாலை ஒரு மணி என்று பொருள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அதே நேரத்தில் இங்கும் வெளியானால் நமக்கு அது வெள்ளி இரவு ஒன்பதரை. அறையில் இருக்கும் உங்கள் தோழிகளுக்குச் சாப்பிட்டு முடித்து உட்காரத் தோதான நேரம். உங்களுக்கு அது வார்டில் மருந்து கொடுக்கும் நேரம். வாரந்தோறும் சுடச்சுடப் பார்ப்பது என்ற ஏற்பாடே உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்து உருவானதில்லை. அதனால்தான் விட்டுப்போகிறது.

இப்போது பட்டியலை எடுங்கள். ரசனை எதுவும் தேவைப்படாத இரண்டு வெட்டுகளை முதலில் வெட்டிவிடலாம். முதல் பாகம் பார்க்காத தொடரின் இரண்டாம், மூன்றாம் பாகங்களை அடித்துவிடுங்கள். அடுத்து, இந்தியாவில் முறைப்படி பார்க்கக் கிடைக்காதவற்றை அடித்துவிடுங்கள். நீங்கள் சந்தா கட்டியிருக்கும் தளத்தில் என்னென்ன வருகின்றன என்று பாருங்கள். மியூஸ் ஏசியாவின் யூடியூப் சேனலில் சில தொடர்கள் காசில்லாமலே வருகின்றன. இந்த இரண்டிலேயே பட்டியல் நன்றாக மெலிந்துவிடும். என் சொந்த வெட்டு ஒன்றும் இருக்கிறது, கட்டாயமில்லை: கதை முழுவதையும் தலைப்பிலேயே சொல்லிவிடுகிற, செத்து வேறு உலகத்தில் பிறந்து பெரிய வீரனாகிற வகைத் தொடர்கள். ஆண்டுக்கு ஒன்று போதும் என்பது என் கட்சி. உங்கள் தம்பி சண்டைக்கு வருவார், வரட்டும்.

மிச்சமிருப்பவற்றின் டிரெய்லர்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையில் இருக்கும் மிக அழகான ஒன்றரை நிமிடத்தைப் பொறுக்கி ஒட்டுவதுதான் டிரெய்லர். பெயர்களைப் படியுங்கள்: இயக்குநர் யார், தொடர் முழுவதற்கும் திரைக்கதையை வகுப்பவர் யார். 2022 அக்டோபரில் ‘போச்சி த ராக்’ வந்தது. கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண் கிட்டார் வாசிக்கும் கதை. அதை இயக்கியவர் கெய்இச்சிரோ சைட்டோ. அந்தப் பெயரை அன்று குறித்துவைத்தவர்கள், அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரே இயக்கிய ‘ஃப்ரீரன்’ வந்தபோது யாருடைய பரிந்துரைக்கும் காத்திருக்கவில்லை. ஒன்று நகைச்சுவை, மற்றது ஆயிரம் ஆண்டு வாழ்பவளின் கதை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஒரு சின்ன முகபாவத்துக்காகக் காட்சியைப் பொறுமையாக நிறுத்தி வைக்கும் குணம் இரண்டிலும் உண்டு.

தொடரை வரைந்தெடுக்கும் ஸ்டுடியோவின் பெயரையோ, முந்தைய பாகத்தின் புகழையோ மட்டும் நம்புவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆம்பூரில் கடையின் பெயர்ப்பலகை அப்படியே இருக்க, பிரியாணி மாஸ்டர் மாறிவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஒன் பஞ்ச் மேன்’ முதல் பாகம் 2015இல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோவில் ஷிங்கோ நட்சுமே இயக்கத்தில் வந்தது; சண்டைக் காட்சிகளுக்காக இன்றும் பேசப்படுகிறது. 2019இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஸ்டுடியோவும் வேறு, இயக்குநரும் வேறு. அதே மொட்டைத்தலை நாயகன்தான், அதே கதைதான். எதிர்பார்த்துக் காத்திருந்த ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பெயர்களைப் படித்திருந்தால் காத்திருப்பில் கொஞ்சம் நிதானம் இருந்திருக்கும்.

மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையிலிருந்தோ நாவலிலிருந்தோ எடுத்த தொடர்கள் ஏன் நடுவிலேயே நின்றுவிடுகின்றன என்று பலரும் புலம்புகிறார்கள். பதிப்பகம், இசை நிறுவனம், பொம்மை விற்பவர் என்று பலர் பணம் போட்டு ஒரு குழுவாகச் சேர்ந்துதான் பெரும்பாலான தொடர்களை எடுக்கிறார்கள். பதிப்பகத்துக்கு அனிமே ஒரு விளம்பரமும்கூட. பன்னிரண்டு எபிசோடில் ஆவலைக் கிளப்பிவிட்டால் மீதிக்குப் புத்தகம் விற்கும். முடிவு தெரியாமல் தூக்கம் வராது என்ற ரகமா நீங்கள்? அப்படியென்றால் மூலக்கதை எதுவுமின்றி நேரடியாக அனிமேக்கென்றே எழுதப்பட்ட தொடர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். 2021 ஏப்ரலில் வந்த ‘ஆட் டாக்சி’ அப்படிப்பட்டது. மனிதர்களுக்குப் பதிலாக விலங்குகள், நாயகன் வால்ரஸ் முகம் கொண்ட ஒரு டாக்சி ஓட்டுநர். படத்தைப் பார்த்து, குழந்தைகள் நிகழ்ச்சி என்று தள்ளிவிடத் தோன்றும். 13 எபிசோடில் முடிச்சுகள் விழுந்து, பிறகு ஒவ்வொன்றாக அவிழும் கச்சிதமான குற்றக் கதை. நான்கு இடங்கள் காலி என்றேனே, அதில் முதலில் இதை உட்கார வையுங்கள்.

மூன்று எபிசோடு பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்று உங்கள் தோழிகள் சொல்லியிருப்பார்கள். அந்த வழக்கம் பரவியதில் 2011இல் வந்த ‘மடோகா மேஜிகா’வுக்குப் பங்கு உண்டு, மூன்றாவது எபிசோடில் அந்தத் தொடர் முகம் மாறியது. அதற்குமேல் சொன்னால் உங்கள் அறைத்தோழிகள் பட்டியலில் நானும் சேர்ந்துவிடுவேன். ஆனால் அதே 2011இல் வந்த ‘ஸ்டைன்ஸ் கேட்’ மூன்று எபிசோடில் பிடிபடாது. பாதித் தொடர்வரை பொறுமை கேட்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. 2021 ஜனவரியில் வந்த ‘வொண்டர் எக் பிரயாரிட்டி’யின் முதல் எபிசோடைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பிறகு வேலை குறித்த நேரத்தில் முடியாமல் நடுவே ஒரு வாரம் முன்கதைச் சுருக்கம் போட்டார்கள். முடிவு மார்ச்சில் வரவில்லை, ஜூன் கடைசியில் தனி எபிசோடாக வந்தது. வந்ததும் பலருக்கு ஏமாற்றம். முதல் வாரத்தில் எழும் கூச்சலை வைத்து முடிவு செய்பவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே ஏப்ரலில் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள் என்றே சொல்வேன், ஒன்றைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எப்படியும் குடியாத்தம் போவீர்கள். அதற்குள் ஏப்ரல் தொடர்கள் ஆறாவது, ஏழாவது எபிசோடில் நிற்கும். எது தேறியது, எது படுத்தது என்பது அப்போது ஊருக்கே தெரிந்திருக்கும். கூடவே, ஐம்பதையும் ருசி பார்த்த ஒரு தம்பி வீட்டில் இருப்பார். அவரிடம் எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த வயதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். செமஸ்டர் தேர்வு நெருங்கியபோதும் எதை மட்டும் தள்ளிப்போடாமல் பார்த்தாய் என்று கேளுங்கள். இரண்டோ மூன்றோ பெயர் வரும். உங்கள் பட்டியலில் இயக்குநர் பெயருக்காகக் குறித்துவைத்தவற்றோடு அவை ஒத்துப்போனால் அன்றே தொடங்கலாம். ஆறு எபிசோடு ஏற்கெனவே கையில் இருக்கும். விடுமுறை நாளில் வேலூர் வெயிலுக்கு வெளியே தலைகாட்ட முடியாத மதியத்தில் மூன்றைச் சேர்த்துப் பார்க்கலாம், ஷிப்ட் வாரத்தில் ஒன்றுமே பார்க்காமல் இருக்கலாம்.

பாதியில் விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் விட்டதால் யாருடைய சம்பளமும் குறையப்போவதில்லை. ஜனவரியில் தொங்கும் பதின்மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நாயகன் அல்லது நாயகியின் பெயர் நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். வருபவற்றுக்குத் திரும்பிப் போகலாம், மற்றவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இரவு டியூட்டி முடிந்த காலையில் சப்டைட்டில் படிக்கக் கண் ஒத்துழைக்காது. அந்த நேரத்துக்குத் தமிழ் டப்பிங் உள்ள தொடர் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ 2025 செப்டம்பரில் தமிழ் பேசிக்கொண்டே திரையரங்குக்கு வந்த பிறகு, டப்பிங் என்றால் மட்டம் என்று யாரும் வாயெடுக்க முடியாது. புதுத் தொடர்களுக்கு டப்பிங் சில வாரம் தாமதமாக வரும். உங்களுக்கு அதுவும் வசதிதான்.

இனி, தவிர என்றேனே, அந்த ஒன்று. தோழிகளுடன் சண்டை போட்டுப் பயனில்லை. பார்த்ததைப் பேசாமல் இருக்க மனிதர்களால் முடியாது. மூவரும் உட்கார்ந்து ஏப்ரல் பட்டியலில் ஒரே ஒரு தொடரை அறைக்கான தொடராக எடுங்கள், இயக்குநரின் பெயரைப் பார்த்தே எடுங்கள். மூவரும் அறையில் இருக்கும் நாளில் மட்டும்தான் அது ஓடும். இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் சரி. மற்றத் தொடர்களை அவர்கள் விருப்பம்போல் பார்க்கட்டும், பேசட்டும்; மே நடுவில் நீங்கள் எதைத் தொடங்கப்போகிறீர்கள் என்பது உங்களுக்கே இன்னும் தெரியாதபோது அவர்களால் எதைக் கெடுக்க முடியும்? அறைத் தொடரைத் திருட்டுத்தனமாக முன்கூட்டிப் பார்த்தவர், ஒரு வரி வாய்விட்டாலும், அந்த வாரம் முழுவதும் மூவர் தட்டையும் கழுவ வேண்டும் என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.