புத்தாண்டு விரதமும் பத்து மணி நடுக்கமும்

கேள்வி: 47 வயது, 78 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 மி.கி. சேர்ந்த மாத்திரை ஒன்று. போன ஜனவரியில் காலைச் சாப்பாட்டை நிறுத்தி 16 மணி நேர விரதம், தினம் 10,000 அடி நடை என்று ஆரம்பித்தேன். பத்து மணிக்கெல்லாம் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். பிஸ்கட் சாப்பிட்டால் அடங்கும். யூடியூப் பார்த்து மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டேன், சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிட்டேன். மூன்றாம் வாரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். நகத்தில் வெள்ளைப் புள்ளி, இமைத் துடிப்பு வேறு. எனக்கு மன உறுதி இல்லையா, இதயம் பலவீனமா? இந்த ஜனவரியில் மறுபடி தொடங்கலாமா?

பதில்: உங்கள் மன உறுதியில் ஒரு குறையும் இல்லை. ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு சாப்பாடு கேட்கும், கொடுத்தீர்கள். அதனால்தான் தப்பித்தீர்கள்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. போட்டு இரண்டு, மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். மாத்திரை உண்டு, இட்லி இல்லை, அதற்குமேல் நீண்ட நடை. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். குளிர்ந்த வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், கரைத்துக் குடியுங்கள். கருவி கையில் இல்லையென்றாலும் குடித்துவிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறியதும் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் இந்த மருந்து திரும்ப இறக்கிவிடும். 54-க்குக் கீழ் போவது ஆபத்து. நினைவு தப்பினால் வீட்டார் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். அடிக்கடி இப்படி இறங்கினால் நடுக்கமும் வியர்வையும் வருவதே குறைந்துவிடும். எச்சரிக்கை இல்லாமல், வண்டி ஓட்டும்போதே மயங்கலாம்.

சாப்பிட்டதும் அடங்குகிற நடுக்கம் சர்க்கரையால்தான். நடக்கும்போது நெஞ்சில் பாரம் வந்து நின்றால் விடுகிறது என்றால் அது வேறு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நகப் புள்ளியையும் இமைத் துடிப்பையும் மறந்துவிடுங்கள்.

எஸ்.ஆர். மாத்திரை மெதுவாகக் கரைவதற்கென்று செய்தது, உடைத்தால் அந்த அமைப்பே கெட்டுவிடும். சிறுகுறிஞ்சானும் சர்க்கரையை இறக்கும் என்பதால் மாத்திரையோடு சேர்த்தது இரட்டைத் தவறு. வீடியோவில் பேசுபவருக்கு உங்கள் மருந்துச் சீட்டு தெரியாது. விரதம் வேண்டுமென்றால் ஜனவரிக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றிய பிறகுதான் தொடங்க வேண்டும்.

அதுவரை இரண்டே காரியம். ஒன்று, இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு 10 நிமிடம் நடங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாவது வாரம் 30 நிமிடம் வந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். 10,000 என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண், அதைப் பிடித்துக்கொண்டு வருந்த வேண்டாம். இரண்டு, சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலோ கீரையோ வையுங்கள். சோற்றை அறவே நிறுத்தாதீர்கள்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பி மூன்றாம் வாரம் மனம் தளர்ந்தவர்கள் ஏராளம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில் சராசரி 66 நாள் என்று வந்தது, சிலருக்கு அதைவிட மிக அதிகம். நடுவில் ஒருநாள் விட்டால் ஒன்றும் கெட்டுவிடாது என்றும் அதில் தெரிந்தது.

தினமும் எடை பார்க்காதீர்கள். ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்தாலே நல்ல பலன். ஹெச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை, அதைச் சித்திரை பிறக்கும்போது செய்யுங்கள். அளவு இறங்கியிருந்தால் ரிப்போர்ட்டோடு போய், கிளிமிபிரைடைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.