நீலம் ஊதாவானதற்கு அச்சகம் காரணம் இல்லை

வணக்கம். மஞ்சக்குப்பத்துக் கடைத் திறப்புக்கு அடித்த ஏ5 நோட்டீஸில் நீலம் ஊதாவாகிவிட்டது, ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுமே ஃபைலில் சரிசெய்யக்கூடியவைதான்.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது, அதுதான் ஆர்ஜிபி. ஆஃப்செட் அச்சில் ஓடுவது சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள், அதுதான் சிஎம்ஒய்கே. திரையில் பளிச்சிடும் அந்த நீலத்தை மையால் அப்படியே எட்ட முடியாது. மாற்றும்போது மெஜந்தா அளவுக்கு மேல் ஏறிவிடுகிறது, அதனால்தான் ஊதா. கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் சிஎம்ஒய்கேயிலேயே வேலையைத் தொடங்கி, சயான் 100 சதவீதம், மெஜந்தா 60 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். மெஜந்தா சயானைவிட 30 புள்ளியாவது குறைந்திருக்கட்டும். எனக்கு இதுவரை கைகொடுத்த வழி இதுதான். சின்ன எழுத்துகளுக்குத் தனிக் கறுப்பு 100 மட்டும் போதும்; நான்கு மையும் சேர்ந்தால் இம்மி விலகினாலும் எழுத்து மங்கும்.

வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் பிளீட் விடாதது, அதாவது பின்னணி நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டி விடாதது. கட்டிங்கில் கத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்வது சகஜம். உங்கள் ஏ5 அளவான 148×210 மி.மீ. தாளுக்குப் பின்னணியை நாலு பக்கமும் 3 மி.மீ. நீட்டி 154×216 ஆக்குங்கள். எழுத்தை வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள்.

அப்புறம், தமிழ் எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லையென்றால் எழுத்து உடையும். ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, எழுத்தைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் அனுப்புங்கள். மொத்தமாக ஓட்டும் முன் ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) கட்டாயம் கேளுங்கள்.