பாட்டு, கேம், வெளிச்சத்தம்: மூன்றுக்கும் ஒரே ஹெட்போன்

நண்பரே, பாட்டுக்கும் கேமுக்கும் ஒரே ஹெட்போன் போதும், ஃபேன் இரைச்சலும் பக்கத்து அறை டிவியும் கேட்கக் கூடாது என்கிறீர்கள். ஏஎன்சி, அதாவது வெளிச்சத்தத்தை எதிர் ஒலியால் அடக்கும் வசதி, ஃபேனும் ஏசியும் பஸ் இன்ஜினும் மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலைத்தான் நன்றாக அடக்கும். டிவியில் பேசும் குரலை முழுசாக நிறுத்தாது, அதற்குக் காதை முழுக்க மூடும் குஷன்தான் முக்கியம், நீங்கள் கண்ணாடி போடுபவர் என்றால் அதன் காது பக்கக் கம்பி குஷனைத் தூக்கிச் சந்து விட்டுவிடும், அதனால் கடையில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

அப்புறம், கேமுக்கு ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். கேமில் துப்பாக்கி சுட்டால் சத்தம் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும், மைக்கை ஆன் செய்தால் பெரும்பாலும் ஒலித்தரமும் போன்கால் அளவுக்கு இறங்கிவிடும். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 போல 3.5 மிமீ ஒயர் செருகும்படி உள்ளதாகப் பாருங்கள், ஒயரிலும் அதில் ஏஎன்சி வேலை செய்யும். பேசுவதற்குத் தனியாக ஒரு யூஎஸ்பி மைக் வாங்கிக்கொள்ளுங்கள்.