காவலர் வண்டியை நிறுத்தும்போது இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கியைப் பற்றி எப்போது, எப்படிச் சொல்வது? – கேள்வி பதில்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள்ளோ காருக்குள்ளோ மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் பெற்றவர்கள், சாலையில் காவலர் நிறுத்தும்போது அதை அவரிடம் தெரிவிக்க வேண்டுமா என்பது குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் மிச்சிகன் மாநிலத்தில் இத்தகைய உரிமம் பெற விரும்புவோருக்குப் பாதுகாப்பு வகுப்பு நடத்துபவன், வழக்கறிஞன் அல்லன். உங்கள் மீது ஏற்கெனவே வழக்கு இருந்தால், இதைப் படிப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி (ட்ராய், மிச்சிகன்): ஐயா, சென்ற மாதம்தான் உரிமம் கைக்கு வந்தது. வேகமாக ஓட்டியதற்காக நிறுத்தும் காவலர் துப்பாக்கியைப் பற்றி எதுவும் கேட்காவிட்டாலும் நானாகச் சொல்ல வேண்டுமா?

ஆம், சொல்ல வேண்டும். உரிமம் பெற்றவர் காவலரால் நிறுத்தப்படும்போது, தம் உடலிலோ காரிலோ கைத்துப்பாக்கி மறைவாக இருந்தால், அதை உடனடியாகத் தெரிவிக்க வேண்டும் என்று மிச்சிகன் சட்டம் சொல்கிறது. காவலர் கேட்கும்வரை காத்திருப்பது அங்கே விதிமீறல். முதல் முறை தவறினால் 500 டாலர் அபராதமும் ஆறு மாத உரிம நிறுத்தமும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் தவறினால் 1000 டாலர் அபராதத்தோடு உரிமமே ரத்தாகும். உரிம அட்டையைக் கையில் வைத்திராமல் துப்பாக்கியை மட்டும் எடுத்துச் செல்வது தனி விதிமீறல். அதற்கு 100 டாலர் அபராதம். துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்த நாளில் இந்தக் கடமை இல்லை; உரிமம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லத் தேவையில்லை.

கேள்வி (கொலம்பஸ், ஒஹாயோ): காவலரிடம் உடனே சொல்லாவிட்டால் சிறைத் தண்டனை உண்டு என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

உங்கள் நண்பர் பழைய சட்டத்தைச் சொல்கிறார். 2022 ஜூன் 13-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, ஒஹாயோவில் தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலேயே மறைத்து எடுத்துச் செல்லலாம். காவலர் கேட்டால் மட்டும் உண்மையைச் சொன்னால் போதும். கேட்டும் மறைத்தால் அது குற்றம். ஆனால் அந்தச் சட்டத்தின் இன்னொரு பகுதி அப்படியே இருக்கிறது, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: காரில் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி இருக்கும்போது, காவலர் நெருங்கத் தொடங்கிய கணத்திலிருந்து உங்கள் இரண்டு கைகளும் அவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், அவர் சொல்லாமல் காரை விட்டு இறங்கக்கூடாது, துப்பாக்கியைத் தொடவே கூடாது. வாயைத் திறக்கும் கடமையைத் தளர்த்திய சட்டமன்றம் கைகளைப் பற்றிய கடமையைத் தளர்த்தவில்லை. அதில் ஒரு பாடம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

கேள்வி (ஹூஸ்டன், டெக்சஸ்): எங்கள் மாநிலத்தில் என்ன விதி?

உரிமம் பெற்றவர் துப்பாக்கியோடு இருக்கும்போது காவலர் அடையாள அட்டை கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். காட்டத் தவறியவருக்கு இருந்த தண்டனையை 2009-இல் நீக்கிவிட்டார்கள். கடமை மட்டும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2021 செப்டம்பர் 1 முதல் அங்கேயும் உரிமம் இல்லாமல் எடுத்துச் செல்ல அனுமதி வந்துவிட்டது. இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். பேச வேண்டியதில் பாதியை அட்டையே பேசிவிடும்.

கேள்வி (கேரி, வட கரோலினா): வணக்கம். என் கணவர் உரிமம் வைத்திருக்கிறார். பெரும்பாலும் அவர்தான் ஓட்டுவார், சில நாள் நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் துப்பாக்கியோடு இருப்பார். என்னை நிறுத்தினால் யார் சொல்வது?

சகோதரி, வட கரோலினாவில் காவலர் நெருங்கினாலோ பேசினாலோ, துப்பாக்கியை உடலில் வைத்திருப்பவரே தமக்கு உரிமம் உள்ளதையும் இப்போது துப்பாக்கி இருப்பதையும் தெரிவிக்க வேண்டும். கேட்டால் இரண்டு அட்டைகளையும் காட்ட வேண்டும். ஆகவே சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். ஆனால் காவலர் ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து உங்களிடம்தான் முதலில் பேசுவார். கணவர் குறுக்கிட்டு உரக்கப் பேசினால் அது நல்ல தொடக்கமாக இருக்காது. காவலர் முதல் வாக்கியத்தை முடித்ததும், "என் கணவர் உங்களிடம் ஒன்று தெரிவிக்க வேண்டியிருக்கிறது" என்று நீங்கள் வழிவிடுங்கள். அவர் கைகளை டாஷ்போர்டின் மேல் வைத்தபடி சொல்லட்டும். இதை வீட்டு வாசலில் நிற்கும் காரில் உட்கார்ந்து ஒரு முறை இருவரும் பேசிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் வீணாகாது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): சொல்ல வேண்டும் என்பது புரிகிறது. எந்தச் சொற்களில், எந்த வரிசையில் சொல்வது?

எனக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வண்டி ஓட்டிப் பழகிய நமக்கு ஒரு வழக்கம் உண்டு. காவலர் கை காட்டினால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஆர்.சி. புத்தகத்தையும் லைசன்ஸையும் எடுத்துக்கொண்டு, இறங்கி அவர் நிற்கும் இடத்துக்கு நாமே நடந்து போவோம். அது அங்கே மரியாதை. இங்கே அதே செயலைக் காவலர் ஆபத்தின் அறிகுறியாகப் பார்க்கப் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறார். அதைப்போலவே, அவர் வருவதற்குள் காகிதங்களைத் தயாராக வைத்துக்கொள்வோம் என்று குனிந்து க்ளவ் பாக்ஸைத் துழாவுவதும் நம் வழக்கம். பின்னால் நிற்கும் காவலருக்கு உங்கள் தோள்கள் அசைவது மட்டும் தெரியும், காகிதம் தெரியாது.

எனவே இடம் பார்த்து நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள், ஜன்னலை முழுவதுமாக இறக்குங்கள், இரவாக இருந்தால் உள்விளக்கைப் போடுங்கள். அதன்பிறகு இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல்பகுதியில் விரல்கள் விரிந்தபடி வையுங்கள். இவ்வளவும் அவர் காரை விட்டு இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பேச்சில் "கன்" என்ற சொல்லை முதலில் சொல்லாதீர்கள். நெடுஞ்சாலையில் லாரி இரைந்துகொண்டு போகும் சத்தத்தில் அந்த ஒரு சொல் மட்டும் அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். "லைசன்ஸ்" என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்: மறைத்து எடுத்துச் செல்ல எனக்கு உரிமம் உண்டு, இப்போது அது என்னிடம், வலப்பக்க இடுப்பில் உறைக்குள் இருக்கிறது, என் கைகள் இங்கேயே இருக்கும், நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். இந்தப் பொருள் வரும்படி ஆங்கிலத்தில் நான்கு சிறு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பதற்றத்தில் நாக்கு குழறும். மனப்பாடமான வாக்கியம்தான் அப்போது கைகொடுக்கும்.

துப்பாக்கி இடுப்பிலும் பணப்பை அதே பக்கத்துப் பின்பாக்கெட்டிலும் இருந்தால், இன்றே பணப்பையை இடம் மாற்றுங்கள். துப்பாக்கியையும் காப்பீட்டுக் காகிதத்தையும் ஒரே க்ளவ் பாக்ஸில் வைப்பவர்களை என் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காகிதத்தை மேலே சன் வைசரில் செருகி வையுங்கள்.

கேள்வி (மினியாபொலிஸ், மினசோட்டா): ஃபிலாண்டோ காஸ்டில் சொன்னார், சொன்னதால்தானே இறந்தார்? எந்த நம்பிக்கையில் எங்களையும் சொல்லச் சொல்கிறீர்கள்?

நீங்கள் கேட்பது நியாயம். 2016 ஜூலை 6-ஆம் தேதி, செயின்ட் பால் நகரை ஒட்டிய ஃபால்கன் ஹைட்ஸில் காஸ்டிலின் காரை நிறுத்தினார்கள். அவருக்கு 32 வயது. ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் அவரிடம் இருந்தது. மினசோட்டாவில் காவலர் கேட்டால்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன்பே, தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவர் அமைதியாகச் சொன்னார். அதை எடுக்காதே என்று அதிகாரி சொல்ல, எடுக்கவில்லை என்று அவர் பதில் சொல்ல, சில வினாடிகளில் அதிகாரி அவரை நோக்கி ஏழு முறை சுட்டார். காரின் பின்னிருக்கையில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. சுட்ட அதிகாரியை 2017 ஜூனில் நடுவர் குழு விடுவித்தது.

அவர் தவறு செய்தார் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவர் கறுப்பினத்தவர் என்பதையும், அதை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த நிகழ்வைப் பேச முடியாது என்பதையும் என் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்கிறேன். பழுப்பு நிறத்தவரான நாமும் அந்தக் கவலைக்கு வெளியே இல்லை. அவரிடம் அடையாள அட்டையும் காப்பீடும் கேட்கப்பட்டிருந்தன. துப்பாக்கி பற்றிய பேச்சும் அட்டையை எடுக்கும் வேலையும் ஒரே நேரத்தில் வந்து மோதின. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே: துப்பாக்கியைப் பற்றிச் சொன்ன பிறகு, கேட்கப்பட்ட அட்டையைக்கூட எடுக்கப் போகாதீர்கள். "அட்டை என் இடப்பாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கவா, அல்லது நீங்கள் எடுக்கிறீர்களா?" என்று கேட்டு, பதில் வரும்வரை விரலைக்கூட அசைக்காதீர்கள். இது உயிருக்கு உத்தரவாதம் தரும் என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்லாமல் இருந்து, குனியும்போது சட்டை விலகித் துப்பாக்கியை அவரே பார்ப்பது இதைவிட ஆபத்தானது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி (டல்லஸ்): துப்பாக்கி இருப்பதாகச் சொன்னால் கார் முழுவதையும் சோதனை போட நானே சம்மதித்ததாக ஆகிவிடாதா?

ஆகாது. தெரிவிப்பது வேறு, சம்மதிப்பது வேறு. "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று பணிவாகச் சொல்லலாம். ஆனால் அவர் அப்படியும் சோதித்தால் உடலால் தடுக்காதீர்கள். நீதிமன்றத்தில் வாதிட இடமிருக்கிறது, சாலையோரத்தில் இல்லை.

எவ்வளவு தூரம் காவலர் போகலாம் என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. 1977-இல் வந்த மிம்ஸ் வழக்கு உங்கள் கேள்விக்கு மிக அருகில் இருக்கிறது: ஃபிலடெல்ஃபியாவில் காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக ஒருவரை நிறுத்தி இறங்கச் சொன்னார்கள், இறங்கியபோது அவர் கோட்டுக்குள் ஒரு புடைப்பு தெரிந்தது, தடவிப் பார்த்தபோது தோட்டா நிரப்பிய ரிவால்வர் கிடைத்தது. முறையாக நிறுத்தப்பட்ட ஓட்டுநரை இறங்கச் சொல்லக் காவலருக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997-இல் உடன் பயணிப்பவருக்கும் அது விரிந்தது. ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், பயணிகள் அமரும் பகுதியில் ஆயுதம் தேடலாம் என்கிறது 1983-ஆம் ஆண்டின் லாங் வழக்கு. பாதுகாப்புக்காக அவர் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ள நேர்ந்தால், நீங்கள் உறையிலிருந்து எடுத்துக் கொடுக்க முன்வராதீர்கள், அவரே எடுக்கட்டும்.

கேள்வி (ஆஸ்டின், எச்-1பி விசாவில் இருப்பவர்): நண்பர் ஒருவர் தம் கைத்துப்பாக்கியை என் காரில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். டெக்சஸில் உரிமமே வேண்டாமாமே?

தம்பி, வேண்டாம். மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்ந்தாலும் கூட்டரசுச் சட்டம் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. எச்-1பி, எஃப்-1, எச்-4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம்; 2022-க்குப் பிறகு அதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை. மாநில அரசு முறையாக வழங்கிய வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டே ஆக வேண்டும். க்ரீன் கார்டு உள்ளவர் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால் அவரையும் நாடு கடத்த முடியும்.

இத்தகைய நிலையில் ஏற்கெனவே சிக்கிக்கொண்ட ஒருவருக்கு "உடனே சொல்லுங்கள்" என்ற என் அறிவுரை அப்படியே பொருந்தாது. அவர் சொல்வது தமக்கு எதிரான வாக்குமூலமாகும். பொய் சொல்லக்கூடாது, வழக்கறிஞர் இல்லாமல் பேச விரும்பவில்லை என்று சொல்லலாம். அந்த நிலைக்கு வராமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. நண்பரிடம் இன்றே மறுத்துவிடுங்கள்.

கேள்வி (டொலிடோ, ஒஹாயோ): மிச்சிகனில் பாண்டியாக் நகரில் உள்ள பராசக்தி கோயிலுக்கு அடிக்கடி போவோம். என்னிடம் உரிமம் இல்லை, ஒஹாயோவில் தேவையும் இல்லை. எல்லை தாண்டினால்?

எல்லை தாண்டியதும் நீங்கள் மிச்சிகன் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். அங்கே காரில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கட்டாயம். ஒஹாயோவில் வசிப்பவர் ஒஹாயோ உரிமம் வைத்திருந்தால் மிச்சிகன் அதை ஏற்கும், எனவே உரிமம் தேவையில்லாவிட்டாலும் வாங்கி வைப்பது நல்லது. இன்னொன்று: மிச்சிகனில் வழிபாட்டுத் தலத்தின் பொறுப்பாளர் அனுமதித்தாலொழிய, உரிமம் உள்ளவரும் உள்ளே மறைத்து எடுத்துச் செல்லக்கூடாது. அம்மனைப் பார்க்கப் போகும் நாளில் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (பென்சில்வேனியா): நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் தங்கை வீடு இருக்கிறது. என் உரிமம் அங்கே செல்லுமா?

செல்லாது. நியூ ஜெர்சி வேறு மாநில உரிமங்களை ஏற்பதில்லை, நியூயார்க்கும் அப்படியே. தோட்டா நீக்கி, கைக்கு எட்டாதபடி டிக்கியில் பூட்டி எடுத்துச் செல்ல 1986-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அது கடந்து போகிறவருக்கு. தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கப் போகிறவருக்கு அல்ல.

கேள்வி (நோவை, மிச்சிகன்): பதற்றத்தில் சொல்ல மறந்துவிட்டேன், காவலர் என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டு தம் காருக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன்பிறகு என்ன செய்வது?

இறங்கி அவர் பின்னால் ஓடாதீர்கள். பல மாநிலங்களில் உங்கள் பெயரைக் கணினியில் தட்டியதும் துப்பாக்கி உரிமம் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும், மிச்சிகனிலும் அப்படித்தான். திரும்பி வரும்போது அவருடைய நடை மாறியிருக்கலாம். கைகளை ஸ்டீயரிங்கிலேயே வைத்திருங்கள். அவர் வந்ததும், அவர் பேசுவதற்கு முன்பே, தாமதமாகச் சொல்வதற்கு வருந்துகிறேன் என்று தொடங்கி, மேலே சொன்ன நான்கு வாக்கியங்களையும் அதே வரிசையில் சொல்லுங்கள். "உடனடியாக" என்ற சட்டச் சொல்லை நீங்கள் தவறவிட்டது உண்மைதான், அபராதம் வரலாம். என்னிடம் பயின்ற ஒருவருக்கு இதே நேர்ந்தது. ஏன் முதலில் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார், பயத்தில் மறந்துவிட்டேன் என்று அவர் உள்ளதைச் சொன்னார், எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவர் அந்த நான்கு வாக்கியங்களையும் ஒரு சிறு அட்டையில் எழுதி ஸ்பீடோமீட்டருக்குக் கீழே ஒட்டிவைத்தார்.