டொக்டர், கோயில் ஏத்தம் ஏற ஏலாம இருக்கு

கேள்வி: எனக்கு 44 வயசு, மூண்டு பிள்ளையள். ஆறு மாசமா மாதவிடாய் வந்தா ஒன்பது பத்து நாளுக்கு நிக்குதில்ல, நெல்லிக்காய் அளவில கட்டியும் விழுது, முதல் ரெண்டு நாளும் மணிக்கொருக்கா பேட் மாத்திறன். போன வெள்ளி கோணேசர் கோயில் ஏத்தத்தில மூச்சு வாங்கி பாதியிலயே குந்திட்டன். மாமி, நிக்கப்போற வயசில அப்பிடித்தான் எண்டுறா. டொக்டரிட்ட காட்ட கூச்சமா இருக்கு.
- வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, மாமி சொன்னதில பாதிதான் சரி. இந்த வயசில நாள் முன்னப்பின்ன வாறது வழமை, ஆனா 7 நாளுக்கு மேல போறதும் மணிக்கொருக்கா பேட் நனையிறதும் வழமையில்லை, கர்ப்பப்பையில பைப்ரொயிட் எண்ட சதைக்கட்டி இருக்கலாம், தைரொயிட்டா இருக்கலாம், கடிதத்த வச்சு எது எண்டு சொல்ல ஏலாது, ஸ்கான் பாக்கத்தான் வேணும்.

எனக்கு பயம் நீங்கள் அந்த ஏத்தத்தில மூச்சு வாங்கி குந்தினதுதான். ரத்தம் குறைஞ்சிருக்கும் போல. ஹீமோகுளோபின் 12க்கு கீழ எண்டா ரத்தசோகை, இந்தக் கிழமையே ப்ளட் டெஸ்ட் செய்யுங்கோ. சோத்தோட பிளேன்டீ வேண்டாம், இரும்புச்சத்த உடம்பில சேர விடாது, ஒரு மணித்தியாலம் கழிச்சு குடியுங்கோ.

கூச்சமெண்டா உங்கட ஏரியா மிட்வைப் அக்காட்ட முதல் சொல்லுங்கோ. எம்.ஓ.எச். ஒபிஸ், அதான் சுகாதார வைத்திய அதிகாரிட ஒபிஸ், நடத்திற வெல் வுமன் கிளினிக் (பொம்பிளையளுக்கான சுகநல கிளினிக்) இலவசம், 35, 45 வயசுக்காரருக்கு கர்ப்பப்பை கழுத்துப் புற்றுநோய் சோதனையும் அங்கதான், உங்களுக்கும் கிட்டத்தட்ட அந்த வயசு.

தலை சுத்தி விழுந்தா கிளினிக் நாள் பாக்காம நேர ஆஸ்பத்திரிக்கு போங்கோ, ராவெண்டாலும்.